சபை மெடிக்கல் கேம்ப்: சுகர், பி.பி. பார்த்து அனுப்பினால் போதுமா?

12 ஜனவரி 2025, மதியம். கேள்வி கேட்டவர்: லிங்கராஜபுரத்துத் தம்பி, பல் மருத்துவப் பயிற்சியில் இருப்பவர்

பிப்ரவரி 9 சுகமளிக்கும் ஊழிய ஞாயிறு, சபைகள் மருத்துவப் பணிக்காக ஜெபிக்கும் நாள். எங்கள் தமிழ்ச் சபையில் 2 டாக்டர்கள், 9 நர்ஸ்கள், ஒரு பார்மசிஸ்ட், ஒரு லேப் டெக்னீஷியன், அப்புறம் நான். ஆராதனை முடிந்ததும் இலவச மெடிக்கல் கேம்ப் வைக்கச் சொல்கிறார் ஐயர். சுகர், பி.பி., எடை, பல் பார்ப்பதாக இருக்கிறோம். வேறென்ன சேர்க்கலாம்? மூத்தவர்கள் சொல்லுங்கள்.

12 ஜனவரி, இரவு

எதையும் சேர்க்க வேண்டாம் தம்பி. கேம்ப்பே வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் பிறந்து 1994-ல் பெங்களூரு வந்த நர்ஸ் நான், உங்கள் சபைதான். இந்த 31 வருடத்தில் எத்தனை ஞாயிறு கேம்ப் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். எல்லாம் ஒரே மாதிரிதான். பந்தலில் மேசை போடுவோம், வெள்ளைக் கோட்டு மாட்டுவோம். முதலில் வந்து நிற்பவர்கள் சபை மூப்பர்கள். ஏற்கெனவே இரண்டு ஆஸ்பத்திரியில் ஃபைல் வைத்திருப்பவர்கள். விரலைக் குத்தி 280 என்று சீட்டில் எழுதிக் கொடுப்போம். அந்தச் சீட்டு பைபிளுக்குள் போகும். அடுத்த வருடம் அதே பைபிளிலிருந்து வெளியே வரும். "போன தடவை 280 சிஸ்டர், இப்ப பாருங்க." பார்த்தால் 310.

பிரியாணி மட்டும் நன்றாக இருக்கும்.

(மற்ற வாசகர்கள் குழம்ப வேண்டாம். தெற்கே எங்கள் பக்கம் ஐயர் என்றால் சபைப் போதகர்.)

13 ஜனவரி

"குறை சொல்வது சுலபம், மாற்று என்ன?" என்று ஒரு டாக்டர் கேட்டிருக்கிறார். நியாயம். இருமலைப் பாருங்கள் என்பதுதான் என் பதில். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது: காசநோயின், அதாவது டி.பி.யின் அடையாளங்கள். இந்த மூன்றைக் கேட்க மிஷின் எதுவும் தேவையில்லை.

இதற்கு நம் பெங்களூரிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1959-ல் பெல்லாரி ரோட்டில் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கினார்கள். அங்கே இருந்த தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் கிராமங்களில் விசாரித்து 1963-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காசநோய்க்காரர்கள் விவரம் தெரியாமல் வீட்டில் கிடக்கிறார்கள், நாம்தான் போய்த் தேட வேண்டும் என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். விசாரித்தால், பாதிக்கு மேற்பட்டவர்கள் தாங்களாகவே வைத்தியம் தேடி ஏதோ ஓர் இடத்துக்குப் போய்வந்திருந்தார்கள். பெரும்பாலும் இருமல் மருந்துப் பாட்டிலோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள்.

அறுபது வருடம் ஆயிற்று. எங்கள் ஓ.பி.யில் இன்றும் அந்தப் பாட்டில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நிறம் மட்டும் மாறியிருக்கிறது.

17 ஜனவரி

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரை இழுத்திருக்கிறார் ஒருவர். "அவரும் கேம்ப்தானே நடத்தினார்?"

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள், பெண் வைத்தியர் இல்லாததால் மூன்று பெண்களும் பிரசவத்தில் இறந்தார்கள் என்ற கதையை நான் பிரசங்கத்தில் மட்டும் நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். சுகமளிக்கும் ஊழிய ஞாயிறு வந்தால் அந்தக் கதையும் வரும். 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் தொடங்கினார், 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார் என்பதும் வரும். ஆனால் எந்தப் பிரசங்கியும் சொல்லாத ஒன்று இருக்கிறது. குடியாத்தம் சாலையில் அவர் நடத்திய சாலையோர மருந்தகம். வாரந்தோறும் அதே கிழமை, அதே மரத்தடி. போன வாரம் கட்டுப் போட்டவர் இந்த வாரம் வந்து உட்கார்ந்திருப்பார். அதைக் கேம்ப் என்று சொல்லக் கூடாது. வருடத்துக்கு ஒரு ஞாயிறு வந்து போகும் நமக்கு அந்த அம்மையாரை இழுக்க உரிமை கிடையாது.

19 ஜனவரி

"டி.பி.யை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். 2025-ல் ஒழிப்போம் என்று சொல்லியிருக்கிறார்களே?"

2025 வந்துவிட்டது ஐயா, காலண்டரைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி உலகக் காசநோயாளிகளில் 26 சதவீதம் இந்தியாவில். இந்தியாவில் வருடத்துக்குப் புதிதாக நோய் வருபவர்கள் 2015-ல் லட்சம் பேருக்கு 237 என்று இருந்தது 2023-ல் 195 ஆகியிருக்கிறது. குறைந்திருப்பது உண்மை, அதைச் சும்மா தள்ள மாட்டேன். ஒழிவதற்கு இன்னும் வெகுதூரம். நடுவே கொரோனா வேறு. 2019-ல் 24 லட்சம் பேரைப் பதிவு செய்தவர்கள் 2020-ல் 18 லட்சத்தைத்தான் பதிவு செய்ய முடிந்தது. மீதி 6 லட்சம் பேருக்கு நோய் வராமலா போயிற்று? பூட்டிய கதவுக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்தார்கள்.

26 ஜனவரி

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் எங்கள் சபையில் ஊதுபத்தி உருட்டும் ஒரு பெண் இருந்தாள். அப்போது முப்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். நுரையீரல் டி.பி. சளி பாசிட்டிவ். அவளைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போனதே நான்தான். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, முகம் தெளிந்தது. மூன்றாவது மாதம் யாரோ கூப்பிட்டு வெளியே ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனாள். வந்தவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். அடுத்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னாள். "கர்த்தர் என்னைத் தொட்டார். இனி எனக்கு மருந்து வேண்டாம்."

சபை முழுக்க அல்லேலூயா. நான் பாடகர் குழுவில், மூன்றாவது வரிசையில் இருந்தேன். எனக்குத் தெரியும். ஆறு மாதம் முடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கட்டடத்துக்குள் மற்ற எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். நானும் ஸ்தோத்திரம் சொன்னேன், வாய்விட்டு.

ஆராதனை முடிந்ததும் போய்ப் பேசலாம் என்றுதான் நினைத்தேன். அவளைச் சுற்றி ஒரே கூட்டம். எனக்கு நைட் டியூட்டி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த அப்புறம் எட்டு மாதம் கழித்து வந்தது, ரத்த வாந்தியோடு. மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி. ஆகிவிட்டிருந்தது. அந்தக் காலத்தில் அதற்குச் சிகிச்சை இரண்டு வருடம். அதில் மாதக்கணக்கில் தினமும் கனாமைசின் ஊசி. அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்கும்.

பிழைத்துவிட்டாள். இன்றும் ஞாயிறு தவறாமல் வருகிறாள். எது பேசினாலும் அவள் காதருகே போய்க் கத்த வேண்டும். பாட்டை உதடு பார்த்துப் பாடுகிறாள். நான் இப்போது பாடகர் குழுவில் இல்லை.

27 ஜனவரி

"விசுவாசத்தைக் குறை சொல்கிறீர்கள்" என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். அவளுடைய விசுவாசத்தை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுபடியும் வாசியுங்கள். நான் குறை சொன்னது மூன்றாவது வரிசையை.

28 ஜனவரி

இரண்டு திருத்தம். தனிமடலில் வேறொருவருக்கு "வாரம் மூன்று நாள் மாத்திரை" என்று எழுதியிருந்தேன். அது ஊதுபத்திப் பெண்ணின் காலத்துப் பழக்கம், வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. 2017-லிருந்து தினமும்தான். அதே போல நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் சத்துணவுத் தொகை என்று சொன்னதும் பழசு. 2018-ல் 500 என்று தொடங்கினார்கள், 2024 நவம்பரிலிருந்து 1,000. சுட்டிக்காட்டிய ஆய்வகத் தங்கைக்கு நன்றி. வயதாகிறது.

2 பிப்ரவரி

ஐயர் கூப்பிட்டனுப்பினார். இதையெல்லாம் வாசித்திருக்கிறார்! திட்டுவார் என்று போனேன். "கேம்ப்பை நிறுத்த முடியாது சிஸ்டர், பந்தலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. நீங்க ஒரு மேசை போட்டுக்கோங்க" என்றார்.

சரி, போடுகிறேன். வாசலுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில். பேர் வைக்கத் தெரியவில்லை. பல் தம்பி "இருமல் மேசை" என்றார், அதுவே இருக்கட்டும். சளி டப்பா 30 வாங்கியாயிற்று. பாசிட்டிவ் ஆனால் ஆறு மாதம் யார் பின்தொடர்வது என்று எழுதிவைத்த பிறகே டப்பாவைத் திறப்பேன் என்று சொல்லிவிட்டேன். ஒன்பது நர்ஸ்களில் நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். ஒருத்தி லண்டனுக்கு இன்டர்வியூ முடித்திருக்கிறாள், மார்ச்சில் பறந்துவிடுவாள். மூன்று என்று வையுங்கள்.

9 பிப்ரவரி, இரவு

கால் வலிக்கிறது, சுருக்கமாக.

சுகர் மேசைக்கு 140 பேர். பல் மேசைக்கு 60. இருமல் மேசைக்கு 3. அதில் ஒருவர் "இங்க கூட்டம் இல்லையே, பி.பி. பார்ப்பீங்களா?" என்று கேட்டு வந்தவர். இரண்டு வாரமாக இருமுகிறது என்று நம் ஆட்கள் யாரும் வாய் திறக்கவில்லை. சபைக்கு நடுவே அந்த மேசையில் போய் உட்கார்ந்தால் மகள் கல்யாணம் என்ன ஆவது?

மேசையை மடித்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் சேர்களை எடுத்துப்போக வண்டி வந்தது. வாடகைக் கடைக்காரரிடம் வேலை செய்பவர், நாற்பது வயது சொல்லலாம், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், குடியிருப்பது டி.ஜே. ஹள்ளி. பத்துப் பத்தாகச் சேரை அடுக்கித் தூக்கினார். ஒவ்வொரு அடுக்குக்கும் நின்று இருமினார். காலையில் இறக்கும்போதும் இருமியிருப்பார்தானே. வெள்ளைக் கோட்டு போட்ட பன்னிரண்டு பேர் அவர் இறக்கிய சேரில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

"எத்தனை நாளா அண்ணே?" என்று கேட்டேன்.

"அது தீபாவளியிலேர்ந்து இருக்கு சிஸ்டர். டானிக் குடிக்கிறேன்."

12 பிப்ரவரி

சேர் தூக்கியவருக்கு ட்ரூநாட் (டி.பி. கிருமியைத் தேடும் சளிப் பரிசோதனை) பாசிட்டிவ். டி.பி.யின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகை, அந்த மட்டில் நிம்மதி. கூடவே சர்க்கரை 340. இவ்வளவு நாளாகத் தெரியாது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு டி.பி. வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதனால் டி.பி. வந்த எல்லோருக்கும் சர்க்கரை பார்க்கச் சொல்கிறார்கள். நான் சுகர் மேசையைக் கிண்டல் அடித்தேன் அல்லவா? அந்த மேசைக்காரரிடமே இரவல் வாங்கிய குளுக்கோமீட்டரில்தான் பார்த்தேன்.

ஆக, "கேம்ப்பே வேண்டாம்" என்று 12-ம் தேதி எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். பாதிதான்.

14 பிப்ரவரி

மருந்து தொடங்கியாயிற்று. எடை 46.2. முதல் நாளே போன் அடித்தார். "சிஸ்டர், ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போவுது, ரத்தமா?" மாத்திரை கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது. ரிஃபாம்பிசின் உடம்பில் சேர்ந்து வெளியேறுகிறது என்பதற்கு அது அடையாளம், பயப்பட ஒன்றுமில்லை. இதைச் சொல்லாததால் மூன்றாம் நாள் மாத்திரையைச் சாக்கடையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். மூவரையும் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதியான பின் தடுப்பு மாத்திரை தொடங்கப்போகிறார்கள். அந்த அம்மா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "கடைக்காரருக்குச் சொல்லுவீங்களா?" சொல்ல மாட்டேன்.

20 பிப்ரவரி

"பி.சி.ஜி. குத்தியிருக்கிறதே, அப்புறம் எப்படி வரும்?" என்று கேட்டவருக்கு: அந்தத் தடுப்பூசி குழந்தைகளைக் கடுமையான டி.பி.யிலிருந்து, முக்கியமாக மூளைக்காய்ச்சலிலிருந்து காப்பாற்றும். பெரியவர்களின் நுரையீரல் நோயைத் தடுக்கவில்லை என்று நம் செங்கல்பட்டில் 1968-ல் தொடங்கிய பெரிய ஆய்வே காட்டியது.

இந்தியாவில் பி.சி.ஜி. இயக்கம் 1948-ல் தொடங்கிய இடம் மதனப்பள்ளி. இங்கிருந்து மூன்று மணி நேரப் பஸ் பயணம். அங்கே ஆரோக்கியவரம் என்று ஒரு மிஷன் சானடோரியம், டேனிஷ் மருத்துவர் ஃப்ரிமோட் மோலர் உருவாக்கியது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் பி.வி. பெஞ்சமின்தான் பிறகு இந்திய அரசின் காசநோய் ஆலோசகர் ஆனார். தடுப்பூசிக்கு அன்றும் எதிர்ப்பு இருந்தது. 1955-ல் ராஜாஜியே எதிர்த்து எழுதினார். வாட்ஸ்அப் இல்லாமலே இவ்வளவு நடந்திருக்கிறது.

5 மார்ச், சாம்பல் புதன்

லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலம், தொடங்கிவிட்டன. எங்கள் வார்டில் இது ஒரு சீசன். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் உபவாச ஜெபத்துக்குப் போய், பதினொரு மணிக்கு வியர்த்து மயங்கி விழுபவர்கள். இல்லையென்றால் உபவாசத்துக்காக மாத்திரையையும் சேர்த்து நிறுத்துபவர்கள். இரண்டுமே ஆபத்து.

இந்த வருடம் ஐயரிடம் சொன்னேன். ஞாயிறு அறிவிப்பில் சேர்த்துக்கொண்டார். "மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம். டி.பி. மாத்திரையை எந்தக் கூட்டத்துக்காகவும், எந்த ஜெபத்துக்காகவும் நிறுத்த வேண்டாம். ஜெபித்துவிட்டு மாத்திரையைப் போடுங்கள்." மூன்று வாக்கியம். நான் ஓரக்கண்ணால் ஊதுபத்திப் பெண்ணைப் பார்த்தேன். அவளுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த மகள் காதில் சொன்னாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாளா என்று தெரியாது, நான் குனிந்துகொண்டேன்.

9 மார்ச்

சாப்பாடு விஷயத்தை எழுதுகிறேன் என்று சொல்லி இழுத்துக்கொண்டே போகிறேன். நீளமாக வரும்.

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம் தெரியும்தானே? அந்தச் சானடோரியத்தை 1928-ல் நிறுவியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. இங்கிலாந்தில் சானடோரியம் நடத்திவிட்டு ஊருக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவர். மருந்து கண்டுபிடிக்காத காலம். காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு, இவைதான் அன்றைக்குக் கையில் இருந்தவை. ஆரோக்கியவரமும் அப்படித்தான்.

அப்புறம் மருந்து வந்தது. 1956-ல் சென்னையில் ஒரு பெரிய ஒப்பீடு தொடங்கினார்கள். பாதி நோயாளிகளுக்குச் சானடோரியத்தில் முட்டை, பால், ஓய்வு, மருந்து. மீதிப் பேருக்கு அவரவர் குடிசையிலேயே மருந்து மட்டும். 1959-ல் முடிவு வந்தது. இருவருமே ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடியதற்கு நம் சென்னைக் குடிசைகளும் ஒரு காரணம். பெரிய விஷயம், ஏழைகள் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குக் காத்திருக்க வேண்டாம் என்று ஆனது. நான் படிக்கும்போது இதைச் சொல்லிக்கொடுத்த டீச்சர், "ஆக, டி.பி.க்குச் சாப்பாடு முக்கியமில்லை" என்று முடித்தார். முப்பது வருடம் அப்படியே நம்பினேன்.

2023-ல் ஜார்க்கண்டிலிருந்து ரேஷன்ஸ் என்ற ஆய்வு வந்தது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர் செய்தது. 2,800 நோயாளிகளுக்கு அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். அவர்கள் வீட்டில் இருந்த 10,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். பாதி வீடுகளில் குடும்பத்தினருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது, கிருமி இருப்பது பரிசோதனையில் உறுதியான டி.பி. மட்டும் பார்த்தால் 48. நோயாளி முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடினால் இறக்கும் ஆபத்து பாதிக்கும் கீழே போனது.

அப்படியானால் சென்னை ஆய்வு தப்பா? இல்லை. அது கேட்ட கேள்வி வேறு, மருந்து வேலை செய்ய நல்ல சாப்பாடு கட்டாயமா என்பது. பட்டினி கிடக்கும் வீட்டில் அடுத்த ஆள் விழுவானா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியின் பதிலை இரண்டாவதற்கும் ஒட்டிவிட்டோம். என் டீச்சர் ஒட்டினார், நான் என் மாணவிகளுக்கு ஒட்டினேன்.

10 மார்ச்

சரி, அரிசிக்கு எங்கே போவது? போன வருடம் சபைக்கு வந்த காணிக்கைப் பொருட்களை விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் 1,800 ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் அதைத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்தார், மறுபடி 1,500-க்குப் போனது. பூசணிக்காய் கடைசியில் எந்தச் சாம்பாரிலும் விழவில்லை.

எங்கள் ஊரில் பாட்டி காலத்தில் பிடியரிசி உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிறு கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதைச் சொன்னேன். "சிஸ்டர், எங்க வீட்ல ராத்திரி சப்பாத்தி" என்றாள் ஒருத்தி. "அப்ப ஒரு பிடி மாவு." சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. ஆனால் 22 வீடு சேர்ந்திருக்கிறது.

நிக்ஷய் மித்ரா என்று அரசுத் திட்டம் 2022-லிருந்து இருக்கிறது, சம்மதம் கொடுத்த நோயாளிகளுக்கு மாதாமாதம் சாப்பாட்டுப் பெட்டி கொடுக்கப் பதிவு செய்துகொள்ளலாம். செய்தோம். 6 குடும்பங்கள். அதில் கிறிஸ்தவர்கள் ஒன்று. கேட்கவில்லை, பெயரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

24 மார்ச், உலகக் காசநோய் நாள்

கமிட்டியில் ஒரு பெரியவர் பெட்டி கொடுப்பதைப் போட்டோ எடுத்துச் சபை இதழில் போடலாம் என்றார். நோயாளி, பெட்டி, நடுவில் அவர். முடியாது என்றேன். முதுகுப் பக்கமாக எடுக்கலாமா என்றார். இன்னொருவர் பெட்டிக்குள் ஒரு சுவிசேஷக் கைப்பிரதி வைத்தால் என்ன என்று கேட்டார். என்ன என்றால், அடுத்த மாதம் பெட்டி வாங்க ஆள் வராது, ஆள் வராவிட்டால் மாத்திரை போகிறதா என்று தெரியாது. பசியோடு இருப்பவரிடம் பேரம் பேசுவது போலவும் இருக்கும். பெட்டிக்குள் அரிசி மட்டும் போகட்டும்.

ஒரு மணி நேரம் வாக்குவாதம். வீட்டுக்கு வந்து மீன் குழம்பை அடிப்பிடிக்க விட்டேன்.

26 மார்ச்

போன வருடம் இதே மாதம் மாத்திரைத் தட்டுப்பாடு வந்ததை ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். ஆம், மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மத்திய அரசு சொன்ன நேரம். ஒரு வாரத்துக்கு வாங்க வந்தவர்களுக்கு மூன்று நாள் மாத்திரை, அதற்குப் பாதி நாள் வேலை போகும். நாமே "விடாமல் சாப்பிடு" என்று அதட்டுவோம், நாமே கையை விரிப்போம். எங்கள் பார்மசிஸ்ட் அப்போது பைக்கில் நான்கு ஏரியா சுற்றினார். சபையில் அதற்குச் சாட்சி யாரும் சொல்லவில்லை, அவரே சொல்லவும் மாட்டார்.

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

"டி.பி.யை ஏன் இப்படி மறைக்கிறார்கள், படித்தவர்களாவது வெளியே சொல்லலாமே" என்று மூன்று நாளாகப் பேச்சு ஓடுகிறது. நானும் நடுவில் புகுந்து "நம் ஆட்களுக்குத் தைரியம் போதாது" என்று எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை, கீழே இதை வைக்கிறேன்.

1992. நான் நர்சிங் இரண்டாம் வருடம். கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. ஊசி வைத்து எடுத்துப் பார்த்தார்கள், நெறிகட்டி டி.பி. அடுத்தவருக்குத் தொற்றாத வகை. ஹாஸ்டலில் டைபாய்டு என்று சொன்னேன். மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்தேன், ஆரஞ்சு நிறம் தெரியக் கூடாது என்று விடியற்காலை எழுந்து பாத்ரூம் போவேன். ஆறு மாதமும் மப்ளர். நாசரேத் வெயிலில் லீவுக்குப் போனபோதும் மப்ளர். அம்மாவுக்கு மட்டும் தெரியும். பெண் பார்க்க வந்தபோது கழுத்துத் தழும்பைப் பற்றிக் கேட்டார்கள், "சின்ன வயசுல கொப்புளம்" என்றாள் அம்மா. வீட்டுக்காரரிடம் நான் சொன்னது இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு. "அதுக்கா இவ்வளவு நாள்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

எனக்கு டி.பி. பற்றி எல்லாம் தெரியும். டி.பி. வார்டில் வேலை செய்தேன். 33 வருடமாக ஒரு ஆளிடமும் வெளியே சொன்னதில்லை, இன்றுதான். அதுவும் பெயர் போடாமல்.

14 ஏப்ரல்

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. தனிமடலில் ஏழு பேர் தங்களுக்கும் இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேர் நர்ஸ்கள், ஒருவர் டாக்டர். ஏழாவது ஆள் யார் என்று சொன்னால் சிரிப்பீர்கள், சொல்ல முடியாது.

இல்லை, ஐயர் இல்லை. ஊகிக்க வேண்டாம்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

சேர் அண்ணனுக்கு இரண்டு மாதம் முடிந்தது. சளி நெகட்டிவ். எடை 48.9. கணக்குப் போட்டேன், 5.8 சதவீதம். சர்க்கரை 160-க்கு வந்திருக்கிறது. பிள்ளைகள் தடுப்பு மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்கள்.

இப்போதுதான் ஆபத்தான கட்டம். இருமல் இல்லை, பசி எடுக்கிறது, வேலைக்குப் போகிறார், அப்புறம் எதற்கு மாத்திரை என்று தோன்றும். ஊதுபத்திப் பெண் விட்டதும் இங்கேதான். லண்டன் போன பெண்ணின் முறையையும் நானே எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு வீடும் நடந்தே போய்வருகிறேன். வீட்டுக்கு ஐந்து நிமிடம். மாத்திரை அட்டையைக் காட்டு, எண்ணு, காப்பி வேண்டாம், சரி பாதி டம்ளர்.

பல் தம்பியும் கூட வருகிறார். ஆறு வீட்டிலும் எல்லோர் வாயையும் திறந்து பார்த்துவிட்டார். சொத்தைப் பல் 19.

8 ஜூன்

ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை, முழங்கால் தகராறு. நடுவே இரண்டு சனிக்கிழமை ஊதுபத்திப் பெண் போனாள். நான் கேட்கவில்லை. மகள் மூலம் செய்தி அனுப்பினாள், "சிஸ்டருக்குப் பதிலா நான் போறேன், எந்த வீடுன்னு மட்டும் எழுதிக் குடுக்கச் சொல்லு." ஆறு வீட்டுக்காரர்களிடமும் கேட்டுவிட்டு எழுதிக் கொடுத்தேன். மாத்திரை எண்ணக் காது எதற்கு? அவளுடைய நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம், தேதி, மீதி மாத்திரை, கையெழுத்து. என் நோட்டைவிடச் சுத்தம்.

நான்காவது வீட்டில் ஓர் அட்டையில் நான்கு மாத்திரை அதிகமாக இருந்திருக்கிறது. எனக்கு அந்த வீட்டில் காப்பி கிடைக்கும், அதனால் அட்டையைச் சரியாகப் பார்த்ததில்லை போலும். அவள் தன் காதைத் தொட்டுக் காட்டி, ஊசி போடுவது போல விரலை மடக்கிக் காட்டியிருக்கிறாள். அந்த ஆள் அவள் முன்னாலேயே அன்றைய மாத்திரையை எடுத்து விழுங்கினாராம்.

இந்த மாதம் பால் பவுடர் இரண்டு பாக்கெட் குறைகிறது. பிடியரிசி 22 வீட்டில் 14 வீடுதான் இப்போது கொடுக்கிறது. மீதி எட்டு வீட்டுக்காரர்கள் இதை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை நான்கு மணிக்குள் கொண்டுவந்து வையுங்கள், கிளம்பிவிடுவோம்.